சிறைக் கதவும் வீட்டுச் சாவியும்

எங்கள் பள்ளிச் சுற்றுச்சுவரின் வெளிப்புறத்தில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது. வழிப்போக்கர்கள் தாகம் தீர்த்துக்கொள்ளட்டும் என்று சகோதரிகள் வைத்த குழாய் அது. சென்ற கல்வியாண்டில் அந்தப் பித்தளைக் குழாய் மூன்று முறை காணாமற் போயிற்று. எடுத்தவர் யார் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. நிறுத்தத்தின் சிமெண்டுத் திண்ணையில் படுத்திருக்கும் பெரியவர்தாம். காவலர்கள் வருவார்கள், ஜீப்பில் ஏற்றிச் செல்வார்கள். சில நாட்களில் அவர் திரும்பி வந்து அதே திண்ணையில் படுத்திருப்பார். "இந்தத் தடவை எத்தனை நாள்?" என்று நாங்கள் எங்களுக்குள் பந்தயம் கட்டிச் சிரித்திருக்கிறோம். இதை எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இக்கட்டுரை அந்தக் குழாயடியிலிருந்துதான் தொடங்குகிறது, மறைத்துப் பயனில்லை.

ஆகஸ்டு மாத இலக்கிய மன்றத்தில் பத்தாம் வகுப்பிற்குப் பட்டிமன்றம் நடந்தது. "நகரத்தில் குற்றத்தைக் குறைப்பது சிறைச்சாலையா? வீடா?" என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கி அணி பிரித்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது சிறைச்சாலைக் கட்சி! எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. 'வீடு கொடுத்தால் திருட்டு நின்றுவிடுமா? இதைவிட எளிதில் வெல்லக்கூடிய தலைப்பு ஏது?' என்று எண்ணினோம். சமூக அறிவியல் ஆசிரியை புன்னகைத்தபடியே இரு அணிகளுக்கும் ஒரே ஆய்வறிக்கையின் நகலைத் தந்தார்கள். அது டென்வர் மாநகரத்தைப் பற்றியது.

டென்வர், அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் தலைநகர். ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே, கடல் மட்டத்திற்கு மேல் 5,280 அடி உயரத்தில் அமைந்திருக்கிறது. சரியாக ஒரு மைல்! ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் வாழும் ஊர். குளிர்காலத்தில் பனி கொட்டும். அப்படிப்பட்ட ஊரிலும் வீடின்றித் தெருவில் உறங்குவோர் உண்டு.

அந்நகரத்தார் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆண்டு முழுவதும் தெருவுக்கும், காவல் நிலையத்திற்கும், சிறைக்கும், குடிபோதை தெளிவிக்கும் நிலையத்திற்கும், மருத்துவமனையின் அவசரப் பிரிவிற்கும் மாறிமாறிச் சென்றுகொண்டே இருப்பவர்கள் சிலர் உண்டல்லவா? அத்தகையோர் 250 பேருக்காக நகரம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 73 இலட்சம் டாலர் செலவழிப்பது தெரிய வந்தது. வகுத்துப் பாருங்கள்: ஒருவருக்கு 29,000 டாலருக்கு மேல். இவ்வளவு செலவழித்தும் பயன் என்ன? அடுத்த ஆண்டும் அதே மனிதர்கள், அதே தெரு, அதே செலவு!

இவர்கள் என்ன பெரும் கொலைக் குற்றம் செய்தவர்களா? இல்லை. பெரும்பாலும் அத்துமீறி நுழைந்தது, பொது இடத்தில் குடித்தது, பிச்சை கேட்டது, போதைப்பொருள் வைத்திருந்தது போன்றவைதாம். இதைப் படித்தபோது எங்களுள் ஒருத்தி நல்ல கேள்வி ஒன்று கேட்டாள். "நாமும் தூங்குகிறோம், சண்டை போடுகிறோம், நம் தெருவிலும் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதெல்லாம் ஏன் குற்றமாகவில்லை?" விடை எளியது. நமக்கு நான்கு சுவர்கள் இருக்கின்றன. சுவர்களுக்குள் செய்தால் அது வீட்டு விவகாரம்; சுவர் இல்லாதவன் செய்தால் அது வழக்கு. டென்வரில் 2012ஆம் ஆண்டு ஒரு சட்டமே வந்தது. பொது இடத்தில் கூடாரம் மட்டுமல்ல, உடுத்திய உடை தவிர ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு தங்கினாலும் அந்தச் சட்டத்தை மீறியதாகும். பனி பெய்யும் ஊரில்!

வளையம் எப்படிச் சுழல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒருவரைப் பிடிக்கிறார்கள். இன்ன தேதியில் நீதிமன்றத்திற்கு வர வேண்டும் என்று கூறி விடுகிறார்கள். சம்மன் அனுப்ப முகவரி கிடையாது. தேதியை நினைவில் வைக்க அவரிடம் நாட்காட்டியும் கிடையாது. அவர் வரவில்லை. உடனே பிடிவாரண்டு பிறக்கிறது. மறுபடி பிடிக்கிறார்கள். முதற் குற்றம் படுத்துக்கிடந்தது. இரண்டாம் குற்றம் நீதிமன்றத்திற்கு வராதது. சில நாள் சிறையில் இருந்து வெளியே வரும்போது போர்வை போயிருக்கும், அடையாள அட்டை போயிருக்கும், மனநோய்க்கு உண்டுவந்த மாத்திரையும் நின்றுபோயிருக்கும். முன்பு இருந்ததைவிட ஒரு படி கீழேதான் வந்து நிற்பார். இதை எழுதும்போது எங்களுக்குச் சிமெண்டுத் திண்ணைப் பெரியவரின் நினைவு வராமல் இல்லை.

நிற்க. இத்தகையோருக்கு முன்பெல்லாம் உதவி கிடைக்கவில்லையா என்றால், கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனையோடு. முதலில் குடியை விடு, ஒழுங்காக மருந்து சாப்பிடு, நல்லவனாகிக் காட்டு, பிறகு வீடு தருகிறோம் என்பது வழக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தெருவில் படுத்துக்கொண்டு குடியை விடுவது எப்படி? மாத்திரையை எங்கே வைத்துக் காப்பாற்றுவது? நியூயார்க் நகரில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலறிஞர் 1992இல் இதைத் தலைகீழாக்கினார். முதலில் வீடு, மற்றவை பிறகு. அந்த முறைக்கே 'முதலில் வீடு' என்று பெயர் நிலைத்துவிட்டது.

டென்வர் 2016இல் அந்த முறையைக் கையில் எடுத்தது. மூன்று ஆண்டுகளில் குறைந்தது எட்டு முறை கைதானவர்களும், கைதானபோது வீடற்றிருந்தவர்களும் யார் யார் என்று காவல்துறையின் பதிவேட்டிலிருந்து பட்டியல் எடுத்தார்கள். இதைக் கவனிக்க வேண்டும். நல்லவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை! மிகவும் தொல்லை தருபவர்கள் என்று ஊரார் சலித்துக்கொண்டவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். சமூக நலப் பணியாளர்கள் அப்பட்டியலை வைத்துக்கொண்டு சிறைக்கும் இரவுத் தங்குமிடங்களுக்கும் தெருக்களுக்கும் சென்று அவர்களைப் பெயர் சொல்லித் தேடினார்கள்.

கிடைத்தது என்ன? பூட்டிக்கொள்ளக் கதவும், அதற்கு ஒரு சாவியும் உள்ள சிறு குடியிருப்பு. வருமானம் இருந்தால் அதில் ஒரு பங்கை வாடகையாகத் தர வேண்டும்; மீதியை அரசின் வாடகை உதவி ஏற்றது. இதற்காகவே சில கட்டடங்களும் எழுந்தன. சாண்டர்சன் அடுக்கு வீடுகள் என்பது 60 குடியிருப்புகள் கொண்டது; 2017இல் திறந்தார்கள். தெருவில் வாழ்ந்து அச்சம் ஊறிப்போன மனிதர்களை மனத்திற்கொண்டு, வெளிச்சமும் விசாலமும் இருக்கும்படி அதை வரைந்தார்களாம்.

வீட்டைக் கொடுத்துவிட்டு, 'இனி உன் பாடு' என்று போய்விடவில்லை. செவிலியர், மனநல மருத்துவர், போதைப் பழக்கத்திற்கு ஆலோசனை கூறுபவர், வேலை தேட உதவுபவர் என்று ஒரு குழு அவர்களைத் தொடர்ந்து சென்று பார்த்தது. ஒரு பணியாளருக்கு ஏறத்தாழப் பத்துப் பேர் என்பது இம்முறையின் அளவு. நூறு பேரை ஒருவரிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும்? அவர் ஏடுகளைத்தான் பார்ப்பார். ஆட்களைப் பார்க்க மாட்டார். நீதிமன்றத் தேதியை நினைவுபடுத்தி உடன் செல்வதும், பக்கத்து வீட்டுக்காரரோடு வந்த சண்டையைத் தீர்ப்பதும், பல ஆண்டுகளாகச் சமைக்காதவருக்கு அடுப்பு பற்ற வைக்கக் கற்றுக்கொடுப்பதும் இவர்கள் பணியில் அடங்கும். உதவியை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஏற்காவிட்டாலும் வீடு பறிபோகாது.

இங்கேதான் எங்கள் அணியில் ஒருத்திக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் தந்தை ஆட்டோ ஓட்டுகிறார். "எங்கப்பா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வண்டி எடுத்து, மாசம் பிறந்தா வாடகையை எண்ணிக் கொடுக்கிறாங்க. ஒரு தப்பும் பண்ணலை. அவங்களுக்கு யாரு வீடு கொடுத்தா? எட்டுத் தடவை ஜெயிலுக்குப் போனவனுக்கு மட்டும் வீடா?" என்று கேட்டாள். வகுப்பே அமைதியாகிவிட்டது. பட்டிமன்றத்தில் எங்கள் கட்சிக்கு இதைவிட வலுவான வாதம் கிடைக்கவில்லை. இதை எளிதில் தள்ளிவிட முடியாது என்றே இன்றும் எண்ணுகிறோம்.

எதிர் அணியினர் அந்த 29,000 டாலரைக் கரும்பலகையில் எழுதினார்கள். "உன் அப்பா இப்போதே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஜீப்புக்குக் கொடுக்கிறார், சிறைக் காவலுக்குக் கொடுக்கிறார், அவசரப் பிரிவுக்குக் கொடுக்கிறார். கொடுத்தும் ஒன்றும் மாறவில்லை. அதே பணத்தை வேறு விதமாகக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி" என்றார்கள். அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "அப்படியானால் மாறியது என்று காட்டுங்கள்" என்றாள். சரியான கேள்வி!

மாறியதைக் காட்டத்தான் டென்வர் நகரம் ஒரு கடினமான வழியை மேற்கொண்டது. தகுதியுள்ளவர்கள் நிறையப் பேர், வீடுகளோ குறைவு. ஆகவே எங்களைப் போலவே சீட்டுக் குலுக்கினார்கள். 363 பேருக்கு வீட்டுத் திட்டத்தில் இடம். 361 பேருக்கு அதுவரை கிடைத்துவந்த உதவிகள் மட்டும். கிடைக்காதவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் எப்படியும் எல்லாருக்கும் வீடு இல்லை. சிபாரிசுக்காரருக்குக் கொடுப்பதைவிடச் சீட்டு நேர்மையானது அன்றோ? அதோடு, இரு கூட்டத்தாரும் ஒரே மாதிரியானவர்கள் என்பதால், பின்னால் தோன்றும் வேறுபாடு வீட்டினால்தான் வந்தது என்று உறுதியாகக் கூற முடியும். அர்பன் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகள் கணக்கெடுத்து 2021இல் முடிவை வெளியிட்டது.

வீடு பெற்றவர்களில் 86 விழுக்காட்டினர் ஓராண்டு கழித்தும், 77 விழுக்காட்டினர் மூன்றாண்டு கழித்தும் வீட்டை விட்டுப் போகாமல் இருந்தார்கள். 'இவர்களா வீட்டில் தங்குவார்கள்?' என்ற கேள்விக்கு அது விடை. மூன்றாண்டுகளில், வீடு கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால், காவல்துறையோடு ஏற்படும் உரசல்கள் 34 விழுக்காடு குறைந்தன. கைதுகள் 40 விழுக்காடு குறைந்தன. சிறைக்குச் செல்லும் தடவைகள் 30 விழுக்காடும், சிறையில் கழித்த நாட்கள் 27 விழுக்காடும் குறைந்தன. ஒருவருக்குச் சராசரியாக 38 நாள் சிறைவாசம் மிச்சம்! போதை தெளிவிக்கும் நிலையத்திற்குத் தூக்கிச் செல்வது 65 விழுக்காடு குறைந்தது. அவசரப் பிரிவிற்கு ஓடுவது குறைந்து, சாதாரண மருத்துவரிடம் முறையாகச் செல்வது கூடிற்று.

எங்கள் கட்சி சும்மா இருக்குமா? குறைகளைத் தேடினோம்; கிடைத்தன. கைது 40 விழுக்காடுதானே குறைந்தது, முழுவதும் நிற்கவில்லையே! சிலர் வீட்டில் இருந்தும் சிறைக்குப் போனார்கள். நான்கில் ஒருவர்போல் மூன்றாண்டுக்குள் வீட்டை விட்டே போயிருக்கிறார்கள். செலவுக் கணக்கிலும் நாங்கள் எதிர்பார்த்ததுபோல் 'எல்லாம் இலாபம்' என்று இல்லை. வீட்டிற்கும் பணியாளர்களுக்கும் ஆன செலவில் ஏறத்தாழப் பாதிதான் காவல், சிறை, மருத்துவமனைச் செலவுகள் குறைந்ததால் ஈடாயிற்று. மறுபாதி உண்மையான செலவு. அதை யாரேனும் கொடுத்தேயாக வேண்டும். இதை மறைத்துவிட்டு 'வீடு கொடுத்தால் பணம் மிச்சம்' என்று மட்டும் பேசுவோர் பாதி உண்மையைத்தான் பேசுகிறார்கள் என்று எங்கள் அணித்தலைவி மேசையைத் தட்டிக் கூறினாள். கைதட்டல் பலமாக இருந்தது. ஆனால் எதிர் அணித்தலைவி எழுந்து, "அந்த மறுபாதிக்கு ஒரு மனிதனுக்குக் கதவும் கூரையும் கிடைத்தது. முன்பு கொடுத்த முழுப் பணத்திற்கும் என்ன கிடைத்தது?" என்று கேட்டு அமர்ந்துவிட்டாள். எங்களிடம் அதற்கு விடை இல்லை.

முதலில் பணம் போட்டவர்கள் யார் தெரியுமா? நகரம் அன்று. தனியார் முதலீட்டாளர்கள் 86 இலட்சம் டாலர் போட்டார்கள். அந்த மக்கள் வீட்டில் நிலைத்து, சிறை நாட்கள் குறைந்தால் நகரம் அப்பணத்தைத் திருப்பித் தரும். குறையாவிட்டால் தராது என்பது ஒப்பந்தம். குறைந்தது, இலாபத்தோடு திருப்பித் தந்தார்கள். நல்ல காரியத்திலும் வட்டி பார்க்கும் இந்த ஏற்பாடு எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் கணக்கை ஒழுங்காக எழுத வைத்தது அதுதான் என்று ஆசிரியை கூறினார்கள்.

வீடு ஒன்றே வழி என்று கொள்ளக் கூடாது. நம் வயதுப் பிள்ளைகளைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. சிகாகோ நகரில் சில பகுதிகளில் துப்பாக்கிச் சத்தம் வழக்கமான ஒன்று. அங்கே 2012ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், வன்முறை மிகுந்த பகுதிகளிலுள்ள 13 பள்ளிகளைச் சேர்ந்த 1,634 மாணவ மாணவியரை எடுத்துக்கொண்டு, அங்கும் சீட்டுக் குலுக்கினார்கள். 730 பேருக்குக் கோடைக்கால வேலை. எட்டு வாரம்; வாரத்திற்கு 25 மணி நேரம்; சட்டப்படி உள்ள குறைந்தபட்சக் கூலி. தோட்டம் போடுவது, சிறுவர் முகாமில் உதவுவது, அலுவலகத்தில் கோப்பு அடுக்குவது போன்ற எளிய வேலைகள்தாம். கூடவே, நேரத்திற்கு வரவும் மேலதிகாரி கடிந்துகொண்டால் பொறுத்துக்கொள்ளவும் சொல்லித்தர ஒரு பெரியவர்.

அடுத்த 16 மாதங்களில், வேலை கிடைத்த குழுவில் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது 43 விழுக்காடு குறைந்தது. இதில் வியப்பு என்னவென்றால், குறைவு பெரும்பாலும் வேலை முடிந்த பிறகுதான் ஏற்பட்டது! வேலையில் இருந்ததால் தெருவில் நிற்க நேரமில்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எட்டு வாரத்தில் அவர்கள் ஏதோ ஒன்றைக் கற்றிருக்கிறார்கள்: கோபம் வந்தவுடன் கையை ஓங்காமல் இருப்பதையோ, தன்னை நம்பி ஒருவர் வேலை ஒப்படைத்தார் என்ற உணர்வையோ. எது என்பது எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் திருட்டு போன்ற குற்றங்கள் இதனால் குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த ஆய்வு 2014இல் 'சயின்ஸ்' என்ற அறிவியல் இதழில் வெளியாயிற்று.

சியாட்டில் நகரிலும் ஒரு முறை உண்டு. அங்கே 2011இல் தொடங்கிய திட்டத்தின்படி, சிறிய போதைப்பொருள் குற்றத்தில் பிடிபட்டவரைக் காவலரே சிறைக்குக் கொண்டு செல்லாமல் நேராகச் சமூக நலப் பணியாளரிடம் ஒப்படைக்கலாம். கைவிலங்கு போடும் கைகளே உதவிக்கும் வழிகாட்டுகின்றன என்பது எங்களுக்குப் பிடித்திருந்தது.

பட்டிமன்றத்தின் முடிவில் வாக்கெடுப்பு நடந்தது. வீட்டுக் கட்சிக்கு 24, எங்களுக்கு 19. ஆட்டோ ஓட்டுநரின் மகள் எங்கள் கட்சியில் பேசிவிட்டு, வாக்கை எதிர்க்கட்சிக்குப் போட்டாள் என்று பிறகு தெரிந்தது! கேட்டதற்கு, "எங்கப்பாவுக்கும் வீடு வேணும்னு சொன்னது தப்பில்லையே. அவருக்கு வேண்டாம்னு நான் எப்போ சொன்னேன்?" என்று திண்ணைப் பக்கம் கையைக் காட்டினாள்.

அவள் தந்தைதான் எங்கள் ஊரில் வீடற்றோருக்கான இரவுத் தங்குமிடம் எங்கே இருக்கிறது என்று அறிந்திருந்தார். நம் நாட்டில் ஒவ்வோர் இலட்சம் நகர மக்களுக்கும் இத்தகைய இடம் ஒன்று வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2010இல் ஆணையிட்டிருக்கிறது. ஒரு மாலையில் அவர் பெரியவரிடம் பேசி, தம் ஆட்டோவிலேயே ஏற்றிச் சென்று அங்கே விட்டு வந்தார். நாங்கள் பெருமையோடு தலைமைச் சகோதரியிடம் சென்று கூறினோம். மூன்றாம் நாள் காலையில் பெரியவர் மீண்டும் திண்ணையில் இருந்தார்.

அன்று முதன்முறையாக நாங்கள் நால்வர், வாட்ச்மேன் தாத்தாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அவர் அருகில் சென்று பேசினோம். "ஏன் ஐயா வந்துட்டீங்க?" என்று கேட்டோம். சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை. பாய் கொடுத்தார்கள் என்றார். "பைய வெச்சுட்டுத் தூங்க முடியலம்மா. பூட்டு இல்ல. ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார். அந்தப் பையில் என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை. பெயரைக் கேட்டோம், சொன்னார். நான்கு ஆண்டுகளாக அவர் அங்கே இருக்கிறார். வாட்ச்மேன் தாத்தாவுக்கும் அவருடைய பெயர் அன்றுதான் தெரிந்தது.

தலைமைச் சகோதரி அந்தப் பெயரைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, தங்குமிடத்தின் பொறுப்பாளருக்குத் தொலைபேசியில் பேசினார்கள். பூட்டுள்ள ஓர் இரும்புப் பெட்டி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. இம்மலர் அச்சுக்குச் செல்லும் இன்று வரை பெட்டி வரவில்லை; பெரியவர் திண்ணையில்தான் இருக்கிறார். குழாய்க்கு இப்போது பிளாஸ்டிக்குத் தலை மாட்டியிருக்கிறார்கள்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவியருக்காக, அவர்களுள் ஒருத்தி